தண்ணீர் கட்டும் நாளை மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்வது எப்படி?

புதிதாக விவசாயத்துக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளைக்கு ஒரு தண்ணி கட்டணும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். திருப்பூர் மாவட்டத்தில் ஒரு ஏக்கர் செவல் மண்ணில் சின்ன வெங்காயம் நட்டிருந்த நேரம். "அஞ்சு நாளைக்கு ஒரு தண்ணி" என்று ஒருவர் சொன்னார். அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். ஐப்பசி மாதம் இடையிடையே மழை பெய்தது. ஆனாலும் ஐந்தாம் நாள் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவேன். பாத்தி நிறைந்து தண்ணீர் நின்றால்தான் மனசு ஆறும். ஒரு மாதத்தில் தாள் மஞ்சள் பூத்து, பிடுங்கிப் பார்த்தால் வேரடி அழுகியிருந்தது. தண்ணீர் போதவில்லை போல என்று அன்றைக்கும் மடையைத் திறக்கப் போனேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் தடுத்தார். மண்வெட்டியை வாங்கி, பாத்தி ஓரத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்து, "பிடிச்சுப் பாரு கண்ணு" என்றார். பிடித்தேன். மண் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது. உள்ளங்கையில் ஈரத்தின் தடம் பளபளவென்று தெரிந்தது. "மேல காஞ்சிருக்குதுன்னு மடையத் தொறக்கறே. வேர் மேலயா இருக்குது? இந்த ஈரம் இன்னும் ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும்."

"சரிங்க ஐயா" என்று மோட்டாரை நிறுத்தினேன். அந்த வெங்காயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றிலிருந்து தோண்டிப் பார்க்காமல் நான் தண்ணீர் கட்டுவதில்லை. அதை எப்படிச் செய்வது என்பதை முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

மண்ணில் உள்ள தண்ணீர் எல்லாம் பயிருக்கு அல்ல

சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பானையைச் சாய்த்ததும் கஞ்சி ஓடிவிடும். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். அதற்கு மேல் வடியாவிட்டாலும் சோற்றில் ஈரம் இருக்கிறது. மண்ணும் அப்படித்தான். நன்றாகப் பாய்ச்சிய பிறகு, அதிகப்படித் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கீழே இறங்கிவிடும். களிமண்ணானால் மூன்று நாள்கூட ஆகலாம். வடிந்து முடிந்த பிறகு மண் தன் பிடியில் வைத்திருக்கும் ஈரத்தைத்தான் வயல் கொள்திறன் என்கிறார்கள். பயிருக்கு இது நிறைந்த நிலை.

அங்கிருந்து வேர் உறிஞ்ச உறிஞ்ச, மிச்சமிருக்கும் ஈரத்தை மண் மேலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் வேரால் இழுக்க முடியாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்தும் விடியற்காலையில் இலை நிமிராது. அதுதான் நிரந்தர வாடல் நிலை. அப்போதும் மண்ணில் தண்ணீர் இல்லாமல் போய்விடவில்லை. கரிசலில் பயிர் வாடிக் கிடக்கும்போது ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே ஈரம் தட்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த ஈரம் மண்ணுக்குத்தான், பயிருக்கு இல்லை.

நிறைந்த நிலைக்கும் வாடல் நிலைக்கும் இடைப்பட்டதுதான் பயிருக்குக் கிடைக்கும் நீர். மழையை அளப்பதுபோல இதையும் மில்லிமீட்டரில் சொல்வார்கள். 10 செ.மீ. ஆழ மண்ணுக்கு, மணலில் 5 முதல் 8 மி.மீ., செவல் மணற்சாரியில் 11 முதல் 13 மி.மீ., வண்டல் கலந்த நல்ல மண்ணிலும் கரிசலிலும் 15 முதல் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். இந்த 4,000 என்ற எண்ணை மறக்காதீர்கள், கடைசி வரை உதவும்.

முதல் வேலை: குழி தோண்டுங்கள்

வயலில் இரண்டு மூன்று இடங்களில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வரப்போரமும் வாய்க்கால் ஓரமும் வேண்டாம், நடு வயலில் வெட்டுங்கள். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் மண்ணின் தன்மை. ஒரு கைப்பிடி மண்ணைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரித் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணற்பாங்கு. ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் நடுத்தரம். இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களி. மேல் மண் ஒன்றும் அடிமண் வேறொன்றுமாக இருப்பது சாதாரணம். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் செய்துபாருங்கள்.

இரண்டாவது கல். எங்கள் பக்கம் செவலில் சரளை கலந்திருக்கும். பயிர் எடுத்துக்கொள்ளும்படியான தண்ணீர் கல்லில் நிற்காது. குழி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு சரளை என்றால், மேலே சொன்ன கணக்கிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

மூன்றாவது, அடியில் இறுகிய தட்டு இருக்கிறதா என்பது. வருஷக் கணக்கில் ஒரே ஆழத்தில் ரோட்டாவேட்டர் ஓட்டிய நிலத்தில், உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகி ஒரு படுகையாகக் கிடக்கும். ஈரமான நாளில் ஒரு நீளமான கம்பியை மண்ணில் அழுத்துங்கள். சுலபமாக இறங்கிக்கொண்டே போய்ச் சட்டென்று முட்டினால் அதுதான் தட்டு. வேரும் அங்கே முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருப்பதைக் குழிச் சுவரிலேயே பார்க்கலாம். அதற்குக் கீழே எவ்வளவு ஈரம் இருந்தாலும் உங்கள் பயிருக்கு எட்டாது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பை ஓட்டி உடைப்பதுதான் வழி. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். சொட்டு நீருக்குச் செலவு செய்கிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

நான்காவது வேர். பயிர் நிற்கும்போது ஒரு செடியின் ஓரமாக வெட்டி, வேர் எந்த ஆழம் வரை அடர்த்தியாக இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வெங்காய வேர் ஒரு சாணைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காம்பு) இறங்கும் நேரத்து நிலக்கடலைக்கு ஒரு முழம் இருக்கும். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் தடையில்லா மண்ணில் ஒரு மீட்டரையும் தாண்டும். ஆனால் வேர் மண்டலத்தை நான்கு அடுக்காகப் பிரித்தால், பயிர் எடுக்கும் தண்ணீரில் 40 சதவீதம் மேல் அடுக்கிலிருந்தும், 30 அடுத்ததிலிருந்தும், 20 மூன்றாவதிலிருந்தும், 10 அடி அடுக்கிலிருந்தும் வரும் என்பது பொதுக் கணக்கு. நுனி வேரை நம்பித் தண்ணீரைத் தள்ளிப்போட வேண்டாம்.

நிறைந்த மண் கைக்கு எப்படி இருக்கும்?

புத்தக எண்ணைவிட உங்கள் மண்ணை உங்கள் கை தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சின்ன வரப்புக் கட்டி, அது நன்றாகக் குடித்து முடிக்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு பாலித்தீன் விரிப்பைப் போட்டு ஓரத்தில் மண் அணையுங்கள். வெயில் ஈரத்தை எடுக்கக்கூடாது, கீழே மட்டும் வடிய வேண்டும். மணற்பாங்கானால் மறுநாள், செவலில் இரண்டு நாள், கரிசலில் மூன்று நாள் கழித்து விரிப்பை எடுத்துவிட்டு, ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்துப்பாருங்கள். இதுதான் உங்கள் மண் நிறைந்திருக்கும்போது கைக்குக் கிடைக்கும் பதம்.

விரிப்பைப் போடாமல் அப்படியே விட்டு, ஒவ்வொரு நாளும் அதே ஆழத்தில் பிடித்துக்கொண்டே வாருங்கள். செவலில் முதல் நாள் உருண்டை கட்டும், உள்ளங்கையில் ஈரத் தடம் விழும். கொஞ்சம் காய்ந்ததும் உருண்டை கட்டும், ஆனால் தடம் விழாது. பாதி ஈரம் போன பிறகு, அழுத்திப் பிடித்தால் உருண்டை வரும், ஒரு முறை தூக்கிப்போட்டுப் பிடித்தால் உடைந்துவிடும். அதற்கும் கீழே போனால் பிடிக்கும்போதே உதிரும். பெரும்பாலான பயிர்களுக்கு, தூக்கிப்போட்டால் உடையும் அந்தப் பதம்தான் தண்ணீர் கட்ட வேண்டிய பதம். கரிசலில் பாதி போன பிறகும் உருண்டை நன்றாக நிற்கும். ஆனால் நாடா தள்ளினால் வழவழப்பு இல்லாமல் விரிசலோடு வரும். இரண்டு வாரம் இப்படிப் பழகினால் கை தானாகச் சொல்லிவிடும்.

எவ்வளவு காயவிடலாம்?

"காய்ச்சலும் பாய்ச்சலுமாக" என்று நம் ஊரில் சொல்வார்கள். காய்ச்சல் எவ்வளவு என்பது பயிரைப் பொறுத்தது. கிடைக்கும் நீர் முழுவதையும் தீரவிட்டால் விளைச்சல் போய்விடும். வாடல் வருவதற்கு நெடுநேரம் முன்பே வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அளவுகளின்படி வெங்காயத்துக்குக் கிடைக்கும் நீரில் 30 சதவீதம் வரைதான் தீரவிடலாம். வாழைக்கு 35, தக்காளிக்கு 40, நிலக்கடலைக்கு 50, மக்காச்சோளத்துக்கு 55, பருத்திக்கும் கரும்புக்கும் 65. நாள் ஒன்றுக்கு 5 மி.மீ. அளவு செலவாகும் காலத்துக்கானது இது. கடும் வெயிலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு இது பொருந்தாது, அது தனிக் கதை.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது? வயல் முழுவதும் இலை மூடிய பயிர் எங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் 4 முதல் நான்கரை மி.மீ. எடுக்கிறது. பங்குனி, சித்திரையில் 6 மி.மீ. தொடும். இளம் பயிருக்கு இதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஜாக்கிரதை. வானம் மூடியிருக்கும், வெயில் தெரியாது, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேகத்தைப் பார்த்துத் தண்ணீரைத் தள்ளிப்போட்டவர்கள் பல்லடம், உடுமலைப் பக்கம் நிறையப் பேர்.

இப்போது கணக்குப் போடலாம். தை மாதம், செவல் மண், நிலக்கடலை, வேர் 45 செ.மீ. 10 செ.மீ.க்கு 12 வீதம் மொத்தம் 54 மி.மீ. அதில் பாதி 27 மி.மீ. நாள் செலவு நான்கரை என்றால் ஆறு நாள். அதே வயலில் ஐந்தில் ஒரு பங்கு சரளை இருந்தால் 27 என்பது சுமார் 22 ஆகிவிடும், ஐந்து நாள்கூடத் தாங்காது. கரிசலில் மக்காச்சோளம், கணக்குக்கு 60 செ.மீ. வேர், 10 செ.மீ.க்கு 16 என்றால் மொத்தம் 96. பாதியைக் கரைத்தால் 48. நாள் 5 வீதம் ஒன்பது நாளுக்கு மேல் தாங்கும். பக்கத்து வயலுக்குக் கட்டிய நாளில் நம் வயலுக்கும் கட்டுவது எவ்வளவு தப்பு என்பது இதில் தெரியும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மேலே பார்த்த கடலை வயலானால், தண்ணீர் கட்டி வடிந்த நாளில் 27 என்று எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் செலவைக் கழியுங்கள். மழை பெய்தால் கூட்டுங்கள். நேரான சுவருள்ள ஒரு தகர டப்பாவை வெட்ட வெளியில் வைத்து, விழுந்த தண்ணீரை அளவுகோலால் அளந்தால் மழை அளவு கிடைக்கும். 3, 4 மி.மீ. தூறலைச் சேர்க்க வேண்டாம், அது மேலேயே ஆவியாகிவிடும். 27-க்கு மேல் கூட்டவும் வேண்டாம், மிச்சம் வேருக்குக் கீழே போய்விடும். எண் 5, 6-க்கு வந்ததும் மண்வெட்டியோடு போய், வேர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்திலும் மண்ணைப் பிடித்துப்பாருங்கள். நோட்டும் கையும் ஒத்துப்போனால் மறுநாள் மடை. ஒத்துப்போகாவிட்டால் கை சொல்வதைக் கேளுங்கள், நோட்டைத் திருத்துங்கள்.

பருவம் பார்த்துக் கணக்கை மாற்றுவது

எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. மக்காச்சோளத்தில் ஆண்பூ வந்து கதிரில் பட்டு நூல் எட்டிப்பார்க்கும் அந்த இரண்டு வாரம் மண் காய்ந்தால், கதிர் மணி பிடிக்காமல் பொக்கையாக நிற்கும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அது திரும்பாது.

நிலக்கடலையில் இன்னும் நுட்பம் இருக்கிறது. பூத்து முடிந்து விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும். செவல் மண் மேலே காய்ந்து இறுகிவிட்டால் விழுதின் முனை முட்டிக் கருகிப்போகும். இறங்கிய விழுதும், காய் வளரத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக அல்ல, தன் தோல் வழியாகச் சுற்றியுள்ள மண் ஈரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 45-ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது அதனால்தான். மேல் 8, 10 செ.மீ. காய்ந்து கிடந்தால், கீழே வேருக்கு ஈரம் இருந்தும், ஜிப்சம் போட்டும், காய் பொக்காகும். ஆகவே மேல் மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, விழுது இறங்கும் நாளிலிருந்து காய் முற்றும் வரை கடலைக்கு மேல் மண்ணையும் பாருங்கள் என்கிறேன். அந்தக் காலத்தில் பாதி தீரும் வரை காத்திராமல் முன்னதாகவே இலேசாகக் கட்டிவிடுங்கள்.

பயிரும் பேசும். மத்தியான வெயிலில் இலை தொங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கத்தரியும் பூசணியும் ஈர மண்ணிலேயே தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. மக்காச்சோள இலை காலையிலேயே சுருண்டிருந்தாலோ, கடலை இலை வழக்கத்தைவிடக் கருநீலப் பச்சையாக மாறினாலோ ஏற்கெனவே தாமதம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் இரண்டு சந்தேகம் வர வேண்டும். ஒன்று வேர் அழுகல். இன்னொன்று உப்புத் தண்ணீர். மண் நீரில் உப்பு ஏறினால் வேரால் அதை இழுக்க முடியாது, இருக்கிற தண்ணீரே கிடைக்காத தண்ணீராகிவிடும். கிணற்று நீரை ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

எவ்வளவு கட்டுவது?

மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். நிலக்கடலைக்கு 27 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 1,08,000 லிட்டர், ஆறு மணி நேரம். வாய்க்காலிலும் பாத்தியிலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று பார்த்தால் ஒன்பது மணி நேரம். கரண்ட் வரும் நேரத்தில் ஒரே மூச்சில் முடியாவிட்டால் வயலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கிறதே, இலவசம்தானே என்று மோட்டாரை ஓடவிடாதீர்கள். வேருக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு லிட்டரும் நீங்கள் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகிறது.

என் வெங்காயத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். 30 செ.மீ. வேர், 36 மி.மீ., அதில் 30 சதவீதம் என்றால் சுமார் 11 மி.மீ. நான் ஒவ்வொரு முறையும் பத்து மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். அது 1,80,000 லிட்டர், 45 மி.மீ.! மூன்றில் ஒரு பங்கு வீண் என்று கழித்தாலும் 30. மழை இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சமாகக் கேட்ட பயிருக்கு, மழைக்கு நடுவே ஐந்து நாளுக்கு ஒரு முறை மூழ்க மூழ்கக் கொடுத்திருக்கிறேன். நாளும் தப்பு, அளவும் தப்பு.

சொட்டு நீர் போட்டவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான், குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர், சொட்டுவானுக்குச் சொட்டுவான் 60 செ.மீ. என்றால், மணிக்கு ஐந்தரை மி.மீ. விழுகிறது. தினமும் 5 மி.மீ. தேவைக்கு ஒரு மணி நேரம் போதும். சொட்டு நீரிலும் தோண்டிப் பார்க்க வேண்டும். சொட்டுவானுக்கு அடியில் ஈரம் மணலில் கேரட் மாதிரிக் குறுகி ஆழமாக இறங்கும், கரிசலில் பூசணி மாதிரி அகலமாகப் பரவும். மணலில் ஒரு மணி நேரத்தை இரண்டு அரை மணியாகப் பிரித்துவிட்டால் வேருக்குக் கீழே இறங்குவது குறையும்.

கருவி வேண்டுமென்றால், கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி நன்றாக இருக்கிறது. இரண்டு கம்பியை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் கட்டலாம், சிவப்பு என்றால் உடனே கட்ட வேண்டும். மண் ஈரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சென்டிபார் என்ற அளவில் காட்டும் டென்சியோமீட்டர் காய்கறிக்கும் செவலுக்கும் ஏற்றது. 80 சென்டிபாருக்கு மேல் அது காட்டாது, அதனால் கரிசலில் காயவிட்டுக் கட்டும் பயிருக்கு அவ்வளவாக உதவாது. எந்தக் கருவி வாங்கினாலும் முதல் ஒரு மாதம் கையால் பிடித்துப்பார்ப்பதையும் சேர்த்தே செய்யுங்கள்.

அறுவடை நெருங்கும்போது கணக்கு மறுபடி மாறும். வெங்காயத்துக்குத் தாள் சாய ஆரம்பித்ததும், எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சேமித்து வைக்கும் பட்டறையில் அழுகும். கடலைக்கு நேர் எதிர். செவல் மண் காய்ந்து இறுகியிருக்கும்போது பிடுங்கினால் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நிற்கும். பிடுங்குவதற்கு முந்தின நாள் ஒரு சாண் ஆழத்தில் மண்ணைப் பிடித்துப்பாருங்கள். உதிர்ந்தால் ஓர் இலேசான தண்ணீர் கட்டி, மண் பதமானதும் ஆள் விடுங்கள்.